பிடித்த வேகத்தில் அணையும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எந்த நொடியில் அணைகிறது?

கார் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் உடனே அணைந்துவிடுகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: எந்த நொடியில் அணைகிறது? சாவியிலிருந்து கையை எடுத்த அதே கணத்திலா? இரண்டு மூன்று நொடி ஓடிய பிறகா? எண்ணெய் பெடலிலிருந்து காலை எடுத்ததுமா? இல்லை, அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகா? வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே நோய். உள்ளே நான்கும் வேறு வேறு இடங்கள். இதைக் கவனிக்காமல் பொருள் வாங்கத் தொடங்கினால் பிளக், பிளக் ஒயர், காயில், பம்ப் என்று பை நிறையும். கார் அப்படியே நிற்கும்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஆட்டோ ஒயரிங் வேலை செய்கிறேன். பெரும்பாலும் லாரியும் வேனும்தான். ஆனாலும் பினாங்கில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களில் பலர் என்னிடம் வருவார்கள். இங்கே எழுதுவதற்கு மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையை எடுத்துக்கொள்கிறேன். 1989இல் வந்த கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றதால், இங்கே வந்து சேர்ந்த பலவற்றில் அந்தப் பெயரே இருக்கும். 1.6 லிட்டர், 1,597 சிசி எஞ்சின். இந்த நோய்க்கு இதைவிட நல்ல பாடக் கார் எனக்குத் தெரியாது. மற்ற கார்களை வழியில் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். எம்எக்ஸ்-5இல் அது பின்னால், சாமான் வைக்கும் டிக்கிக்குள் இருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது, எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். கம்பி முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி எடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு சோதனை விளக்கு, இரண்டு முனையும் சீவிய ஒரு முழ ஒயர், எலெக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் ஒரு டின், அருகில் தீயணைப்பான். காரை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயைத் தொடப்போகும் வேலை இது, பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

சாவியை விட்ட கணத்தில் அணைந்தால்

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி இழுவை லாரியில் தன் யூனோஸைக் கொண்டுவந்தார். "அண்ணே, பம்ப் புதுசு, பிளக் புதுசு, ஒயர் புதுசு. இன்னும் சாகுது." சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்வரை எஞ்சின் உயிரோடு இருந்தது, பிடிக்கவும் செய்தது. சாவி ஸ்டார்ட்டிலிருந்து ஆனுக்குத் திரும்பியதும் மூச்சு நின்றது. மறுபடி செய்தாலும் அதே இடத்தில். ஸ்டார்ட்டில் உயிர், ஆனில் சாவு என்றால் எஞ்சினுக்குள் கை வைக்கத் தேவையே இல்லை. ஸ்டார்ட் நிலையில் மின்சாரம் ஒரு வழியாக வருகிறது, ஆன் நிலையில் வேறொரு வழியாக வருகிறது. அந்த இரண்டாவது வழி அறுந்திருக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி.

இந்தக் காரில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேவை சர்க்யூட் ஓப்பனிங் ரிலே என்பார்கள். அதை இழுக்க இரண்டு வழி உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரமே அதையும் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் பிடித்து ஸ்டார்ட்டர் நின்றதும் அந்தப் பொறுப்பு ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் போய்விடுகிறது. ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் அலுமினியப் பெட்டிதான் அது. உள்ளே ஒரு தகடு, சுருள்கம்பி போட்ட கதவு மாதிரி. எஞ்சின் இழுக்கும் காற்று அதைத் தள்ளித் திறக்கும். திறந்ததும் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் மூடிக்கொண்டு ரிலேவைப் பிடித்து வைக்கும். எஞ்சின் நின்றால் காற்று நிற்கும், தகடு மூடும், பம்ப் நிற்கும். விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்றுவிட்டால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு.

முப்பது வருடத்துக்கு மேலான கார். கடல்காற்று, ஈரப்பதம். அந்தச் சின்ன சுவிட்சின் முனை கறுத்துப் போனால் தகடு திறந்தாலும் ரிலேவுக்குச் செய்தி போகாது. ஸ்டார்ட்டர் உதவியில் எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் பம்ப் நிற்கும், குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் ஒரு கணம் இழுத்துவிட்டு அணையும்.

சோதனை எளிது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஏர்ஃப்ளோ மீட்டரின் வாயைத் திறந்து வையுங்கள். சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விரலால் தகட்டை மெதுவாகத் தள்ளுங்கள். இருக்கைக்குப் பின்னாலிருந்து பம்பின் முனகல் கேட்க வேண்டும். ஒர்க்ஷாப் சத்தத்தில் கேட்காவிட்டால் ஒருவரை பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வைக்கச் சொல்லுங்கள். தகட்டை விட்டால் முனகல் நிற்க வேண்டும்.

சத்தமே வரவில்லையா? எஞ்சின் அறையில், மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். திறந்தால் மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு துளைக்கும் பெயர் போட்டிருப்பார்கள். எஃப்/பி என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் அந்த முழ ஒயரால் இணையுங்கள்; இதைத்தான் ஒட்டு ஒயர் என்கிறேன். சாவி ஆன். இப்போது தகட்டைத் தொடாமலே பம்ப் ஓட வேண்டும். ஓடினால் பம்ப் நல்லது, ரிலே நல்லது, பம்புக்குப் போகும் ஒயரும் நல்லது. அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். அணையாமல் ஓடுகிறதா? அப்படியென்றால் குறை ஏர்ஃப்ளோ மீட்டரிலோ, அதிலிருந்து ரிலேவுக்கு வரும் ஒயரிலோ, அல்லது தகடு திறக்க வேண்டிய அளவு காற்று அதன் வழியே போகாததிலோ இருக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம், அதற்குக் கீழே வருகிறேன்.

ஒட்டு ஒயர் போட்டும் பம்ப் ஓடாவிட்டால் கதை வேறு. பம்பின் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பம்ப் அல்லது அதன் பூமி இணைப்பு. வராவிட்டால் ரிலே, ஃபியூஸ், மெயின் ரிலே என்று பின்னால் போங்கள்.

அந்தத் தம்பியின் காரில் ஒட்டு ஒயர் போட்டதும் எஞ்சின் அழகாக நின்று ஓடியது. ஏர்ஃப்ளோ மீட்டரின் சாக்கெட்டைக் கழற்றி, எஃப்சி, இ1 என்ற இரண்டு கால்களில் மல்டிமீட்டர் வைத்தேன். தகடு மூடியிருக்கும்போது இணைப்பே இருக்கக் கூடாது, கொஞ்சம் திறந்ததும் சுழிய ஓமுக்கு இறங்க வேண்டும். அவருடையதில் திறந்தாலும் இணைப்பு இல்லை. மேலே ஒட்டியிருந்த கறுப்பு மூடியை மெல்லிய பிளேடால் சுற்றிலும் கீறி எடுத்து, சுவிட்ச் முனைகளுக்கு காண்டாக்ட் கிளீனர் அடித்து, அதில் நனைத்த தடித்த காகிதத்தை நடுவில் வைத்து இழுத்ததும் மீட்டர் சுழியத்துக்கு வந்தது. மூடியை மறுபடி சிலிக்கான் வைத்து ஒட்டினேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரமும் சுருளும் தெரியும். அதைத் தயவுசெய்து திருப்பாதீர்கள். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கே அந்தச் சுருளின் இறுக்கத்தில்தான் இருக்கிறது. முனை எரிந்தே போயிருந்தால் ஹாஃப்-கட் கடைகளில், அதாவது வெட்டிய கார்களின் பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடலாம், ஆனால் கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்டு ஒயரைப் போட்டதும் கார் ஓடுகிறதே என்று அதை அப்படியே விட்டு, மேலே டேப் சுற்றி அனுப்பியிருந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் நின்றாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் நிற்காது என்று அர்த்தம். குழாய் அறுந்த ஒரு விபத்தில் அது உயிரை எடுக்கும். ஒட்டு ஒயர் சோதனைக்கு மட்டுமே. சோதனை முடிந்ததும் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போடுங்கள்.

இந்தப் பகுதி 1.6 எஞ்சினுக்கு மட்டும். பிறகு வந்த 1.8இல் தகடு இல்லை, சூடான கம்பி வைத்த மீட்டர். பம்ப் ரிலேவை எஞ்சினின் கணினியான ஈசியூ தானே கட்டுப்படுத்துகிறது. அங்கே சாவியை விட்டதும் அணைந்தால் சாவி சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்.

சாவி சுவிட்ச் எந்தப் பழைய காருக்கும் பொது. உள்ளே செப்பு முனைகள் தேய்ந்து ஸ்டார்ட் நிலையில் மட்டும் தொடும், ஆன் நிலையில் தொடாது. அணையும் கணத்தில் சாவியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்; டேஷ்போர்டு விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் அதுதான். ஸ்டீயரிங் தூணில் ஒரு கிலோ சாவிக்கொத்து தொங்கினால் அதையும் குறையுங்கள்.

கார்புரேட்டர் காலத்துக் கார், உதாரணமாக டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்களுக்கு இதே அறிகுறி வேறொரு பொருளில் வரும்: பாலஸ்ட் ரெசிஸ்டர். ஸ்டார்ட் செய்யும்போது காயிலுக்கு முழு மின்சாரம் நேராகப் போகும். ஓடும்போது அந்தப் பீங்கான் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகும். ரெசிஸ்டர் உடைந்தால் ஸ்டார்ட்டில் தீப்பொறி உண்டு, ஆனில் இல்லை. சாவி ஆனில், காண்டாக்ட் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிளஸ் முனையில் 6 முதல் 9 வோல்ட் வரும். சுழியம் என்றால் ரெசிஸ்டரை மாற்றுங்கள், விலை மலிவு.

இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்தால்

முதல் சந்தேகம் அலாரம். இந்த நாட்டில் பழைய கார் எதுவானாலும் யாரோ ஒருவர் எப்போதோ இக்னிஷன் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு அலாரம் பூட்டியிருப்பார். ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துப் பார்த்தால் முறுக்கி டேப் சுற்றிய ஒயர்கள் தெரியும். டேப்பின் பசை வெப்பத்தில் இளகி, இணைப்பு தளர்ந்திருக்கும். அல்லது அலாரத்தின் ரிலே சோர்ந்திருக்கும். ஒயர்களைக் கையால் மெதுவாக அசைத்தபடி ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பயன்படுத்தாத அலாரம் என்றால் அதை முழுதாக எடுத்துவிட்டு, வெட்டிய மூல ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் குழாய் போட்டு மூடுவதுதான் நான் செய்வது. பாதி எடுத்து பாதி விடுவது வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். நீண்ட நாள் நின்ற காரில் டாங்க்கின் துரு ஃபில்டரை அடைத்திருக்கும். அழுத்தமானி இருந்தால், ஓடும்போது 30 முதல் 38 பிஎஸ்ஐ. ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் 38 முதல் 46 வரை ஏற வேண்டும். அழுத்தமானி மாட்டப் பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் பம்பின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடி அணைய விடுங்கள், அப்போதுதான் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சாது. கழற்றிய வெற்றிடக் குழாயின் உள்ளே கைவிரலில் பெட்ரோல் ஈரம் பட்டால் ரெகுலேட்டரின் உள் தோல் கிழிந்திருக்கிறது.

டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின்களில் குளிர் நேரத்துக்கென்று தனி இஞ்செக்டர் வைத்தவை உண்டு. அந்த ஒன்று பாய்ச்சும் பெட்ரோலில் எஞ்சின் பிடித்துவிடும், மற்ற நான்கும் வேலை செய்யாவிட்டால் சில நொடியில் அணையும். அதனால் "பிடிக்கிறதே, பெட்ரோல் வருகிறது" என்று அங்கே முடிவுகட்ட முடியாது.

எண்ணெய் மிதித்தால் ஓடும், விட்டால் அணையும் என்றால்

இங்கே பாதிக் குறைகளுக்குக் காரணம் காற்று ஒழுகல். இந்தக் காரில் ஏர்ஃப்ளோ மீட்டர் வழியாக வராத காற்று எதுவுமே ஈசியூவின் கணக்கில் இல்லை. மீட்டருக்கும், எண்ணெய் பெடல் திறக்கும் காற்றுக் கதவான திராட்டிலுக்கும் நடுவில் உள்ள நெளிநெளியான ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு விழும். மேலிருந்து பார்த்தால் தெரியாது; கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு பெரிதாக இருந்தால் காற்று குறுக்கு வழியில் நுழைந்து, தகடு சரியாகத் திறக்காது, பம்ப் சுவிட்சும் மூடாது. மேலே ஒட்டு ஒயர் சோதனையில் நான் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். சுவிட்ச் நல்லது, ஆனாலும் சாவியை விட்டதும் அணையும்.

ஆயில் ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக், பிசிவி வால்வின் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். டிப்ஸ்டிக் முழுதாக உட்காராமல் இருந்து ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஆடிய கார்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்: ஐடில் தடுமாறினால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது, எந்த மாற்றமும் இல்லையென்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுந்துகொண்டிருக்கிறது. குழாய்களை ஒவ்வொன்றாக நுனிமூக்கு இடுக்கியில் துணி சுற்றி அழுத்திப் பாருங்கள், எந்தக் குழாயை அழுத்தியதும் ஐடில் நேராகிறதோ அங்கே நில்லுங்கள். சிலர் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவார்கள். எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

காற்று ஒழுகல் இல்லையென்றால் திராட்டில் பாடியின் கறுப்புக் கரி, அதற்குக் கீழே உள்ள ஐடில் வால்வு. சுத்தம் செய்த பிறகுதான் ஐடில் திருகைத் தொட வேண்டும். எஞ்சின் சூடான பிறகு டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, நிமிடத்துக்கு 850 சுற்றுக்கு வைத்து, ஒயரை எடுத்துவிடுங்கள். இணைக்காமல் திருகினால் ஈசியூ உங்களோடு மல்லுக்கட்டும். மிட்சுபிஷி எஞ்சின் வைத்த பழைய புரோட்டோன்களிலும் ஐடில் மோட்டார் இதே தொல்லை தரும். அங்கே மோட்டாரின் சுருள் ஷார்ட் ஆனால் ஈசியூவையும் எரித்துவிடும், ஆகவே புது ஈசியூ போடும் முன் மோட்டாரை அளந்து பாருங்கள்.

நீர் வெப்ப சென்சாரும் இந்தக் கூட்டம்தான். 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.29 முதல் 0.35. நம் ஊர்க் காலை வெயிலில் குளிர்ந்த எஞ்சினில் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டினால் சரி. எதுவுமே காட்டாவிட்டால் சாக்கெட்டின் ஒயரை முதலில் பாருங்கள், வெப்பத்தில் அங்கே பிளாஸ்டிக் நொறுங்கிப் போயிருக்கும்.

சூடேறி அணைந்து, ஆறினால் மறுபடி ஓடினால்

ஜெலுத்தோங் பக்கம் மாலை நெரிசலில் அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் கார்கள். பெரும்பாலும் மின்சாரப் பொருள்: காயிலை இயக்கும் இக்னைட்டர், எஞ்சின் சுற்றும் நிலையை ஈசியூவுக்குச் சொல்லும், எஞ்சின் தலையின் பின்பக்கம் உள்ள கேம் ஆங்கிள் சென்சார், மெயின் ரிலேவின் உள்ளே வெடித்த ஈயப் பற்று. போர்ஷ 944 வைத்திருப்பவர்கள் டிஎம்இ ரிலேவை முதலில் சந்தேகப்படுவதும் இதே ஈயப் பற்றுக்காகத்தான்.

அணையும் கணத்தில், எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் டேக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டு எஞ்சின் இன்னும் சுற்றும்போதே முள் சட்டென்று சுழியத்துக்கு விழுந்தால் தீப்பொறி போய்விட்டது. எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் போய்விட்டது. காசு செலவில்லாத சோதனை, பாதி வேலையை மிச்சப்படுத்தும். நின்ற இடத்தில் அணைகிற கார் என்றால், டைமிங் லைட்டை ஒரு பிளக் ஒயரில் மாட்டி விண்ட்ஸ்கிரீன் வழியாகத் தெரியும்படி வையுங்கள். முதலில் மின்னல் நின்று பிறகு எஞ்சின் நின்றதா, எஞ்சின் நிற்கும்வரை மின்னியதா என்று பார்க்கலாம்.

தீப்பொறிதான் என்று தெரிந்தால் அடுத்த முறை ஓடும்போது இக்னைட்டரை முடி உலர்த்தியால் சூடாக்குங்கள். சில நிமிடத்தில் அணைந்தால் அதுவே. அணையாவிட்டால் கேம் ஆங்கிள் சென்சாருக்கு நகருங்கள். டிஇஎன், ஜிஎன்டி இணைத்து ஈசியூவின் குறியீட்டையும் படிக்கலாம்: 01 இக்னைட்டர், 02, 03 சென்சார் சமிக்ஞை, 08 ஏர்ஃப்ளோ மீட்டர், 09 நீர் வெப்பம். ஆனால் பம்ப் சுவிட்ச் கெட்டதற்குக் குறியீடு கிடையாது. குறியீடு இல்லை, ஆகவே ஏர்ஃப்ளோ மீட்டர் நல்லது என்று ஒரு போமென் (மெக்கானிக்) சொன்னால் நம்ப வேண்டாம்.

சரிசெய்த பிறகு நேராகப் பினாங்குப் பாலத்தில் ஏற்றாதீர்கள். 13.5 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல்மேல். அங்கே எஞ்சின் அணைந்தால் பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கான வெற்றிடம்தான் மிச்சம், பவர் ஸ்டீயரிங் வைத்த காரில் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். வீட்டைச் சுற்றிய சாலைகளில் ஓட்டி, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர்கானை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, கால் வைக்காமல் ஐடிலில் நிற்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை. மழை பெய்த மறுநாள் ஒருமுறை, முக்கியமாக இருக்கைக்குப் பின்னால் உள்ள கூரை நீர் வடியும் துளைகள் அடைத்து கார்பெட் நனையும் கார் என்றால். இவ்வளவும் தாங்கினால் தெலுக் பஹாங் வரைக்கும் போய் வாருங்கள், பாலத்தை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.